முறைக் கேஸ்

அத்தியாயம் 14

டெலிபோன் ஆபீஸ் மெமோவை மடியில் வைத்துக்கொண்டு லூர்தம்மாள் அழுததைப் போன வாரம் பார்த்துவிட்டு, பாவம் என்று உச்சுக்கொட்டியவர்கள் எல்லாம் இந்த வாரம் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது. இன்று அவள் அழப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் அவள் முதலில் சண்டை போட்டது பக்கத்து வீட்டுச் செல்லம்மாளோடு. செல்லம்மாள் ஒரு தப்பும் செய்யவில்லை. வாசலில் நின்று லூர்துவின் அண்ணி ராயம்மாளைக் கூப்பிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை இந்த வீட்டு முறை, ஃபாரஸ்ட் கார்டு சொல்லிவிட்டுப் போனார் என்றாள். அவ்வளவுதான்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் லூர்து உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"எந்த முறை?"

"என்னாடி, தெரியாதவ மாதிரி கேக்கற? கேஸ் முறைதான்."

கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். பாப்பாரப்பட்டியிலிருந்து மேற்கே போனால் காட்டோரத்தில் இவர்கள் ஊர். அடுப்புக்கு விறகு காட்டிலிருந்துதான் வர வேண்டும். காடோ சர்க்காருடையது. காய்ந்த சுள்ளியைப் பொறுக்கினாலும் குற்றம்தான். பொறுக்குகிறவர்களைக் கார்டு கண்டும் காணாமல் விட வேண்டுமென்றால், மேலே காட்டுவதற்கு அவருக்கு மாசம் இரண்டு கேஸாவது வேண்டும். அதற்காக எப்போதோ ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாசத்துக்கு இரண்டு வீடு. அந்த வீட்டுப் பெண் ஒரு கட்டு விறகோடு தானாகவே போய்க் கார்டு முன்னால் நிற்பாள். கோர்ட்டுக்குப் போவாள். அங்கே எதை வாசித்தாலும் "ஆமாங்க சாமி" என்பாள். ஊரே சேர்ந்து கொடுத்த அபராதத்தைக் கட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து களி கிண்டுவாள். சவரி வீடு, கோவிந்தன் வீடு, மாது வீடு என்று சாமி வித்தியாசம் பார்க்காமல் முறை சுற்றி வரும்.

இந்த ஊர்க்காரர் யாரையாவது நிறுத்தி, உன் மேல் கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டால், பெற்ற பிள்ளைமேல் அடித்துச் சத்தியம் செய்வார்கள், கிடையாது என்று. திருடினவனுக்கும் வெட்டினவனுக்கும்தான் கேஸ். இது முறை.

லூர்துவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தெட்டில், அண்ணிக்கு முறை வந்தது. அண்ணிக்கு நிறைமாசம். பதினெட்டு வயது லூர்துவை அண்ணன் செபாஸ்டின்தான் அனுப்பி வைத்தான். போனாள், நின்றாள், ஆமாங்க என்றாள், வந்தாள். பிறகு அதை மறந்தே போனாள்.

தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வாகி ஒரு படிவம் வந்தது. நீங்கள் எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா, அபராதம் கட்டியதுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. லூர்து ஒரு நிமிஷம் யோசித்தாள். "முறையெல்லாம் ஒரு கேஸா? நோன்னு போடு" என்று அண்ணன் தன் பேனாவைக் கழற்றிக் கொடுத்தான். நோ என்று போட்டாள். சேலத்தில் மூன்று மாசப் பயிற்சிக்குப் போகத் தகரப் பெட்டியும் வாங்கி வைத்தாள். அப்புறம் போலீஸ் விசாரணை வந்தது. பழைய ரிக்கார்டு கிளம்பியது. உண்மையை மறைத்த உன்னைத் தேர்வுப் பட்டியலிலிருந்து ஏன் நீக்கக் கூடாது, பதினைந்து நாளில் பதில் சொல் என்று மெமோ வந்தது. நாளை பதினைந்தாவது நாள்.

இந்த நிலையில்தான் செல்லம்மாள் வந்து முறை என்றாள்.

"இந்த வூட்லேர்ந்து இனிமே யாரும் போக மாட்டாங்க" என்றாள் லூர்து.

"அப்ப உங்க வூட்டுக் களி வெயில்லயே வெந்துடுமா? நானுந்தான் அன்னிக்கி உன் பக்கத்துல நின்னேன். எனக்கு என்னா கொறஞ்சு போச்சு?"

"நீ வேலைக்கி எழுதிப் போடல. அதனால கொறயல."

செல்லம்மாள் முகம் சுருங்கிப் போய்த் திரும்பி நடந்தாள். அவளிடம் போய் எரிந்து விழுந்தோமே என்று லூர்துவுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் போடுவது என்று காலை எட்டு மணிக்கு அவளுக்குத் தெரியாது. பகல் ஒரு மணிக்குத் தெரிந்துவிட்டது.

வக்கீல் குப்புராஜின் ஆபீஸ் தருமபுரியில் ஓர் உரக்கடைக்கு மேலே. படியேறினால் யூரியா நெடி மூக்கில் ஏறும். செபாஸ்டின் காலை டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தான். பாப்பாரப்பட்டி ரூட்டில் கண்டக்டர். அப்பா சவரி செத்த பிறகு குடும்பத்தைத் தாங்குகிறவன். அண்ணன் நானிருக்கிறேன், நீ கவலைப்படாதே என்று இந்தப் பதினான்கு நாளும் சொல்லிக்கொண்டிருந்தவன்.

போன தடவை வக்கீல் தைரியமாகவே பேசியிருந்தார். காய்ந்த விறகு, சின்ன வயசு, முதல் தடவை. கோர்ட்டில் அன்றைக்கே யாராவது ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தால், நன்னடத்தைச் சட்டத்தில் எச்சரித்து அனுப்பியிருப்பார்கள். எச்சரித்து விட்டவர்களுக்கு அந்தக் கேஸால் வேலைக்குத் தடை வரக் கூடாதென்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அபராதம் கட்டியதுதான் வினை. இப்போதும் மேல்கோர்ட்டில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, அபராதத்தை எச்சரிக்கையாக மாற்றித் தரச் சொல்லலாம். அதைக் காட்டி டெலிபோன் ஆபீஸுக்கும் பதில் எழுதலாம் என்றார். தீர்ப்பு நகல் மட்டும் வந்துவிடட்டும் என்றார்.

இன்று நகல் வந்திருந்தது. வக்கீல் தைரியமாக இல்லை.

"இங்க பாரும்மா. அன்னைக்கி நீ கொண்டுபோன கட்டுல என்ன இருந்துச்சு?"

"சுள்ளிங்க. கொஞ்சம் ஊஞ்ச வெறகு."

"இதுல சந்தனக் கட்டைன்னு இருக்கு."

லூர்துவுக்கு முதலில் புரியவில்லை. வக்கீல் மறுபடியும் சொன்னார். நாலு சந்தனக் கட்டை, அரசாங்கக் காட்டில் மரத்தை வெட்டித் திருடியதாக வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவள் அதை ஒப்புக்கொண்டாள். சின்னப் பெண், முதல் தடவை என்று ஜெயிலுக்கு அனுப்பாமல் அபராதத்தோடு விட்டிருக்கிறார்கள். கூட நின்ற செல்லம்மாள் மேல் வெறும் சுள்ளிக் கேஸ்தான். விறகென்றால் எந்த ஆபீஸரும் சிரித்துவிட்டு விடுவான், சந்தனமென்றால் திருட்டு, தொடவே மாட்டான் என்றார் வக்கீல்.

"வாசிச்சுக் காட்டினப்ப நீ கேக்கலையா?"

கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பத்தாவது பாஸ் பண்ணினவள். மற்றப் பெண்கள் கைநாட்டு வைத்த இடத்தில் அவள் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். கார்டு கூட, படிச்ச புள்ளை, கையெழுத்தைப் பாரு என்று சிரித்தான். படித்த பிள்ளை அந்தக் காகிதத்தைப் படித்திருக்கலாம். ஊர் முறைக்கு எதற்குப் படிப்பு என்று நின்றாளே, தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வக்கீல் மேலே படித்தார். கைப்பற்றிய பொருள்கள்: சந்தனக் கட்டை நான்கு, கோடாலி ஒன்று, பிடியில் சூடு வைத்துப் போட்ட சிலுவைக் குறி.

ஊர்ப் பெண்கள் விறகுக்குக் கோடாலி கொண்டு போவதே இல்லை. கயிறும் சும்மாடும்தான். கோடாலியைக் கண்டால் கார்டு உள்ளேயே விடமாட்டான். பிடியில் சிலுவை போட்ட கோடாலி அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பா சவரி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தன் கையால் போட்ட குறி அது. அதே எழுபத்தெட்டில் அது கிணற்றில் விழுந்துவிட்டதாக அண்ணன் சொன்னான். அப்பா மூன்று நாள் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவினார். கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் லூர்து. குடமும் வாளியும் வந்தன. கோடாலி வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். செபாஸ்டின் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் அவனுக்கு அப்படித்தான்.

வக்கீல் இதைக் கவனிக்கவில்லை. சந்தனம் உன்னுடையதில்லை என்று காட்டினால்தான் வழி, அது யாருடையது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் மேல்கோர்ட்டில் நம்பமாட்டார்கள் என்றார். நடந்ததையெல்லாம் தமிழிலேயே எழுதிக்கொண்டு நாளைக் காலை வந்துவிடு, இங்கிலீஷில் டைப் அடித்து டெலிபோன் ஆபீஸில் நேரில் கொடுத்துவிடலாம் என்றார். லூர்து தலையாட்டினாள். வக்கீல் எதிரில் அண்ணனைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இப்படிப்பட்டவனுக்குக் கூட மானம் பார்க்கிறோமே என்று படியிறங்கும்போது அதற்கும் கோபம் வந்தது.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நிலக்கடலை வண்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா கோடாலி கெணத்துலதானே வுழுந்துச்சு?"

"லூர்து, இங்க வேணாம்."

"வேற எங்க வெச்சுக் கேக்கணும்? அப்பா கல்லறையிலயா?"

அவன் சொன்னான். பாதி விழுங்கி, பாதி இருமிச் சொன்னான். காற்றில் சாய்ந்து கிடந்த சந்தன மரத்தைத்தான் துண்டு போட்டானாம், நின்ற மரத்தை வெட்டவில்லையாம். முதல் நடை கட்டையை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டாவது நடை போனபோது ஓடையருகே கார்டு பிடித்துவிட்டானாம். கட்டை பிடிபட்டது மேலே தெரிந்துபோய்விட்டது, ஏதாவது ஒரு பெயர் போட்டே ஆக வேண்டும் என்றானாம் கார்டு. வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு முறைதானே, அதிலேயே சேர்த்துவிடலாம், பெண்பிள்ளை என்றால் அபராதத்தோடு போய்விடும் என்று யோசனையும் சொன்னானாம். செபாஸ்டினுக்கு அப்போது கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. அதற்கும் போலீஸ் விசாரணை உண்டு.

"எம்பேர்ல கேஸ் இருந்தா வேல போயிடும்னு பயந்துட்டேன். நீ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போறவ, பொம்பளப் புள்ளைக்கிப் பேரு எதுக்கு ஆவப்போவுதுன்னு நெனச்சிட்டேன்."

மற்றதையெல்லாம் கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. கடைசியாகச் சொன்னானே, அதில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உம்பேரு சுத்தமா இருக்கணும்னு எம்பேர்ல அழுக்கத் தொடச்சிட்டுப் போயிட்ட. அதுவும் போதாதுன்னு உன் பேனாவையே குடுத்து நோன்னு வேற எழுத வெச்ச. எழுதறப்ப உனக்குத் தெரியும் இல்ல?"

"இத்தன வருசம் கழிச்சி எவன் நோண்டப் போறான்னு..."

அவள் திரும்பி நடந்தாள். அவன் டிப்போவைச் சேர்ந்த பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. எப்போதும் அதில்தான் போவாள், அண்ணன் கூட்டாளிகள் உட்கார இடம் பிடித்துக் கொடுப்பார்கள். இன்று எதிர்ப்பக்கம் போய்ப் பிரைவேட் பஸ்ஸில் ஏறி, கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள். அப்பா கிணற்று மேட்டில் நின்று, இன்னும் ஒரு முழம் கயிறு விடு ஆத்தா என்று சொன்னது வழியெல்லாம் காதில் கேட்டது. மனுஷன் சாகிறவரைக்கும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்ப்பதை விடவில்லை.

வீட்டில் அண்ணி ராயம்மாள் களிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மூன்றும் மாதா கோயில் மைதானத்தில் விளையாடப் போயிருந்தார்கள். லூர்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அண்ணி முகத்தையே பார்த்தாள். இவளுக்கும் தெரிந்திருந்தால் இன்றோடு இந்த வீட்டை விட்டுப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அண்ணி மாவைக் கொட்டினாள். துடுப்பை எடுத்துக் கிண்டினாள். வெகுநேரம் கிண்டினாள்.

"அந்த மாசம் கட்டுலுக்கடியில ஒரே வாசன. எனக்கு நெறமாசம், வாசன பட்டாலே கொமட்டும். என்னான்னு கேட்டேன். மாதா தேருக்குச் செதுக்கக் கட்ட வாங்கிக் கோணியில கட்டி வெச்சிருக்கறேன்னாரு" என்றாள். "நம்பிட்டேன்னு சொன்னா, அது பொய்யி லூர்து. மேல கேக்கல. அவ்வளவுதான்."

"கேட்டிருக்கலாம் இல்ல அண்ணி?"

"கேட்டிருக்கலாம். எனக்கு வர வேண்டிய முறைக்கி நீ போன. அது மட்டும் அப்பப்ப உறுத்தும்." துடுப்பு நின்றது. "மூணு புள்ளைங்க இருக்குது லூர்து."

மூன்று பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவர்கள் சோறு அந்தக் காக்கிச் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்காகத் தான் சந்தனத் திருடியாகவே இருந்து சாக வேண்டுமா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. தகரப் பெட்டியை இழுத்து அதன் மேல் காகிதத்தை வைத்து எழுத உட்கார்ந்தாள்.

நான் அபராதம் கட்டியது உண்மை. படிவத்தில் இல்லை என்று எழுதியது என் தவறு. எங்கள் ஊரில் முறைக்குப் போவதை நாங்கள் கேஸ் என்று நினைப்பதில்லை. அந்த முறை இன்றும் நடக்கிறது. அன்று நான் கொண்டுபோனது காய்ந்த விறகு மட்டும். வழக்கில் உள்ள சந்தனக் கட்டைகளும் கோடாலியும் என்னுடையவை அல்ல.

எழுதியதைத் திருப்பிப் படித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் படித்தாள். அப்புறம் இன்னும் ஒரு வரி எழுதினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செபாஸ்டின் வந்தான். கையில் பிள்ளைகளுக்கு மிக்சர் பொட்டலம், தங்கைக்கு மல்லிகைப் பூ. பூவை நீட்டினான். அவள் வாங்காததால் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் பெட்டிமேலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தான். கடைசி வரியில் அவன் கண் நின்றது. 'அவை' என்று ஆரம்பித்து, ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டு, 'என்பவருடையவை' என்று முடித்திருந்தாள்.

"இங்க எதுக்கு எடம் வுட்டிருக்க?"

"எம்பேர நீ என்னக் கேக்காம எழுதின. நான் அப்படி எழுத மாட்டேன். உம்பேர நீயே எழுது."

"எம்பொழப்பு போயிடும் லூர்து. சஸ்பெண்டு பண்ணிடுவாங்க."

"வக்கீலக் கேளு. நீயும் முதத் தடவதானே? எச்சரிச்சி வுடுற சட்டம் எனக்கு மட்டுமா இருக்குது? ஆறு வருசமா நான் எதுக்குக் கட்டினேன்னு தெரியாம கட்டிட்டேன். உன் பங்க நீ தெரிஞ்சே கட்டு."

"எழுதலன்னா?"

"காலையில ஒம்பது மணி பஸ்ல போயி அப்படியே குடுப்பேன். எடம் ஏன் காலியா இருக்குதுன்னு கேப்பாங்க. கேட்டா, வாயாலதான் சொல்லணும். இல்லீங்க, தெரியாதுங்கன்னு இனிமே உனக்காகப் பொய் சொல்ல எனக்கு ஆவாது."

செபாஸ்டின் காகிதத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டு மனைவியைத் தேடினான். இந்த மாதிரி நேரத்தில் வீட்டில் அழுது, கெஞ்சி, தங்கையின் கையைப் பிடித்து நிறுத்துகிறவள் அவள்தான். பிள்ளைகள் பேரைச் சொன்னால் லூர்து இறங்கி வந்துவிடுவாள் என்று அவளுக்கும் தெரியும்.

"நீயாவது சொல்லு ராயம்மா" என்றான்.

ராயம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். புருஷன் எதிரில் நின்று, அவன் காக்கிச் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். மூடியைக் கழற்றி, காகிதத்தில் காலியாயிருந்த இடத்தின் மேல் அதைக் குறுக்காக வைத்தாள்.

"களி ஆறுது. எழுதிட்டு வந்து சாப்புடுங்க" என்றாள்.